ஆங்கிலம் இல்லாமல் கிரேக்கம்

பட்டப்படிப்பில் ஆங்கிலத் தாளை நான் மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை தேறினேனா, இரக்கப்பட்டுத் தேற்றிவிட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழில் எங்கள் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது. ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. வேலை தேடிப் போன இடத்திலெல்லாம், "இங்கிலீஷ் எப்படி?" என்றுதான் முதலில் கேட்டார்கள். சிவகாசியில் ஓர் அச்சகம் மட்டும் கேட்கவில்லை. அங்கே தமிழ்ப் பிழைதிருத்துநராகச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. காலண்டரின் பின்பக்கத்து ராசிபலன், பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் லேபிள், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்டின் அட்டை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். வீடு விருதுநகரில். காலையில் எட்டு மணி பஸ், சாயங்காலம் ஆறு மணி பஸ்.

என் மேசைக்கு அடுத்த மேசை ஆங்கிலப் பிழைதிருத்துநருடையது. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஆங்கிலத்தில் முதுகலை படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் லேபிளில் ஓரமாக இரண்டு ஆங்கிலச் சொல் இருந்தாலும், "அத நான் பாத்துக்கிறேன் மேடம்" என்று என் கையிலிருந்து உருவிக்கொள்வார். பதினாறு வருடத்தில் எத்தனை முறை அப்படி உருவியிருப்பார் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் சுருக்கென்றுதான் இருந்தது.

காலண்டர் சீசனுக்கு இரண்டு மாதம் முன்னால் அந்த ஆர்டர் வந்தது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்காக ஒரு வாசிப்பு நூல். பழங்காலக் கிரேக்க மொழியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கானது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கிரேக்கம் மட்டும்தான். விளக்கமும் இல்லை, மொழிபெயர்ப்பும் இல்லை. படம் இருக்கும், படத்துக்குக் கீழே வாக்கியம் இருக்கும். படித்துப் படித்தேதான் பிடிபட வேண்டும். எழுத்துகளின் தலைமேல் கோடும் கொக்கியும் அப்பிக்கிடக்கும். நம் கம்ப்யூட்டரில் ஃபாண்ட் சரியாக உட்காராவிட்டால் இவை உதிர்ந்துபோய்விடும். அதனால் அவர்கள் அனுப்பிய பிரதியையும் நாங்கள் எடுத்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும்.

ஆங்கிலப் பிழைதிருத்துநர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷே இல்ல முதலாளி, என் வேலையில்ல" என்று தள்ளிவைத்துவிட்டார்.

முதலாளி கட்டைத் தூக்கி என் மேசையில் வைத்தார். "ஏம்மா, நீ பாரு. அர்த்தமெல்லாம் ஒனக்கு வேண்டாம். வடிவத்த மட்டும் பாரு. ரெண்டு கோலத்த ஒத்துப் பாக்கிற மாதிரி."

முதல் இரண்டு நாள் அப்படித்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டு படிக்காமல் இருப்பது எனக்கு வராத காரியம். தலையில் குடத்தோடு ஒரு பெண் நிற்கும் படம் இருந்தது. கீழே நான்கு சொல். அடுத்த படத்தில் அதே பெண், கையில் கல். அங்கேயும் நான்கு சொல். அவற்றில் மூன்று பழையவை. அப்படியானால் மாறியது எதுவோ அதுதான் கல். இதற்கு யார் வந்து சொல்லித்தர வேண்டும்? எழுத்துகளின் ஒலியை மட்டும் போனில் தேடிக் கேட்டுக்கொண்டேன். "ஹே குனே ஹுதோர் பெரெய்" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெண், தண்ணீர், சுமக்கிறாள். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையிலேயே வந்து நின்றது. ஆங்கிலத்தில் என்னை மூன்று முறை குப்புறத் தள்ளியது இந்த வரிசைதான். இங்கே அந்த இடத்தில் ஒரு தடுக்கலும் இல்லை.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ ஒரு பக்கத்தில் கை நின்றது. முன்பு ஒரு மலைப் படம் வந்திருந்தது. அதன் கீழே இருந்த சொல்லின் முதல் எழுத்துக்கு மேலே ஒரு கொக்கி, இடப்பக்கம் வாய் திறந்தது. இந்தப் பக்கத்தில் வயல் ஓரத்தில் நட்ட ஒரு கல்லின் படம். கீழே அதே சொல், அதே கொக்கி. ஆனால் பெண்ணுக்கு முன்னால் 'ஹே' வந்ததுபோல் சொல்லுக்கு முன்னால் வரும் குட்டிச் சொல் வேறு. மலைக்கு முன்னால் 'தொ' என்று இருந்தது, இங்கே 'ஹொ'. இரண்டு பக்கம் தள்ளி அதே கல் மறுபடி வந்தது. அங்கே கொக்கி வலப்பக்கம் வாய் திறந்திருந்தது. ஒரே கல்லுக்கு இரண்டு கொக்கி இருக்க முடியாது. ஏதோ ஒன்று தப்பு.

பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஈ உக்காந்துட்டுப் போன மாதிரி இருக்கு. இதப் போயி... அவுக அனுப்புனதுலயும் அப்படித்தான மேடம் இருக்கு? விடுங்க."

முதலாளியிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். "அவுக அனுப்புனது எப்படியோ அப்படியே நாம அடிக்கோம். ஒனக்கு வடிவத்தப் பாக்கத்தான சொன்னேன்?"

"வடிவந்தான் முதலாளி தப்பா இருக்கு."

"ஒனக்குக் கிரேக்கம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இது தப்புன்னு தெரியும். ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. நான் சொன்னது தப்புன்னா அந்தக் கட்ட எடுத்து வேற யாருகிட்டயாவது குடுத்துருங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதினாறு வருடத்தில் அவர் மேசைக்கு முன்னால் நின்று அப்படி நான் பேசியதில்லை. ஆங்கிலப் பிழைதிருத்துநரைக் கூப்பிட்டு மெயில் போடச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிட்டது. தப்பு அவர்களுடையதுதான். கொக்கி ஒரு பக்கம் திரும்பினால் 'ஒரொஸ்', மலை. மறுபக்கம் திரும்பினால் 'ஹொரொஸ்', எல்லைக்கல். திருத்திய பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். நூலை எழுதியவரே கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாராம்: இதைக் கண்டுபிடித்தவர் யார், அங்கே யாருக்காவது கிரேக்கம் தெரியுமா என்று. எங்கள் ஆள் அதற்கு, 'எங்கள் குழு கண்டுபிடித்தது' என்று பதில் போட்டுவிட்டார். இது எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"குழுவா? எந்தக் குழு சார்?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் மேடம் எழுதணும். அது ஒரு ஸ்டைல்" என்றார்.

சரி, இனி இதை முழுதாகப் படித்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவுதான். கோபத்தில் எடுத்த முடிவு நிற்காது என்பார்கள். என்னுடையது நின்றது.

மெஷின் ஓடத் தொடங்கும்போது மை சீராகும்வரை சில தாள்கள் வீணாகும். அவை எடைக்குப் போகும். மெஷின்காரரிடம் கேட்டு, அந்தப் புத்தகத்தின் வீணான தாள்களை, ஃபாரம் ஓடஓட ஒவ்வொன்றுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்; பல பக்கம் சேர்ந்து அச்சாகும் பெரிய தாளைத்தான் ஃபாரம் என்போம். முதலாளியிடமும் சொல்லித்தான் எடுத்தேன். "வெளிய யாருக்கும் குடுத்துராத" என்றார், அவ்வளவுதான். மடித்து, வெட்டி, ஊசிநூல் போட்டு நானே தைத்தேன். சில பக்கங்களில் மை இரட்டையாக விழுந்திருந்தது. சில பக்கம் வெளிறிக்கிடந்தது. அதுதான் என் பாடப்புத்தகம்.

காலை பஸ்ஸில் படித்தேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். ஏறும்போது திறந்தால் சிவகாசி வந்து இறங்கும்வரை அதேதான். புரியாத வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். மறுநாள் முதலிலிருந்து வருவேன். அகராதி பார்க்கவில்லை. இருக்கிற அகராதியெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அந்த வாசல் வழியாக நான் போவதாக இல்லை.

போகப்போக எனக்கு ஒரு சங்கதி விளங்கியது. இந்த மொழியைப் படிக்க எனக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. லிதொஸ் என்றால் கல். லிதொன் என்றால் கல்லை. இதற்குப் பெயர் வேற்றுமை என்று எட்டாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். ஒரு படத்தில் தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். இன்னொன்றில் தானே குளிக்கிறாள். வினைச்சொல் ஒன்றுதான். முதலாவதில் 'எய்' என்று முடிகிறது, இரண்டாவதில் 'எதை' என்று முடிகிறது. கழுவினாள், கழுவிக்கொண்டாள். நம்முடைய 'கொள்' அங்கே வேறு சட்டை போட்டு நிற்கிறது. போனில் ஓர் ஆங்கிலக்காரர் இந்த ஒரு விஷயத்தைக் கையை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் விளக்குவதைப் பின்னாளில் பார்த்தேன். பாவமாக இருந்தது. எழுந்து, குடத்தை எடுத்து, மலையேறி, களைத்து, உட்கார்ந்தாள் என்று நாம் எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போவோமே, கிரேக்கமும் அப்படித்தான் போகிறது. எட்டு வினையைக் கோத்து ஒரே முற்றில் கொண்டுவந்து நிறுத்தும்.

முதலாளிக்கு இது தெரிந்தபோது ஒருநாள் மகிழ்ந்துபோய், "பின்ன? எல்லாம் நம்ம தமிழ்ல இருந்து போனதுதான? அரிசி, இஞ்சி எல்லாம் அவன் நம்மகிட்ட வாங்குன சொல்லுதான்" என்றார். இருக்கலாம், கப்பலில் போன சரக்கோடு பெயரும் போயிருக்கும். ஆனால் அதற்காக நான் அதைப் படிக்கவில்லை. நம்முடையதாக இருந்தால்தான் ஒன்றை நேசிக்க வேண்டுமா? அது முழுக்க அவர்களுடையதாக இருக்கட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அவரிடம் இதையும் சொன்னேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது.

பஸ்ஸில் படித்ததுதான் வினையாகிவிட்டது. என் கணவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவருடைய அக்காவை மல்லாங்கிணறில் கொடுத்திருக்கிறது. அங்கே மானாவாரி விவசாயம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொக்கியும் கோடுமான எழுத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். அது எப்படி எப்படியோ திரிந்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனோம். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ப்பந்தியிலும் சொந்தக்காரர்கள். பரிமாறிக்கொண்டே வந்த அந்த அக்கா, என் மதினி, என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"இந்தா, கேக்கேன்னு தப்பா நெனைக்காத. வேதத்துல சேரப்போறியாமே?"

வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவம். எனக்கு ஏன் அந்தப் பேச்சு என்று முதலில் புரியவில்லை. "யாரு சொன்னா மதினி?"

"ஊரே சொல்லுது. பஸ்ஸுல உக்காந்து அவுக பாஷையப் படிக்கியாம், வாய்க்குள்ளயே முணுமுணுங்கியாம். எங்க தம்பி மானத்த இங்கன வந்து நாங்கதான் காப்பாத்த வேண்டியிருக்கு."

என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"சேரணும்னா சொல்லிட்டுச் சேருவேன் மதினி, ஒளிச்சு வச்சுச் செய்ய மாட்டேன். அது ஒரு பழைய பாஷை. அதுல ஒரு கதை இருக்கு. படிக்கேன். அம்புட்டுத்தான்."

"கதை படிக்கணும்னா தமிழ்ல இல்லியா? இதப் படிச்சு என்ன ஆகப்போகுது? சம்பளம் கூடுமா? ஒம் மகளுக்கு மாப்பிள்ள வருமா?"

"ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகலன்னாலும் படிப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது எனக்கே எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. எதற்கும் உதவாத ஒன்றைச் செய்ய எனக்கு அதுவரை யாரும் அனுமதி கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. இனிக் கேட்கப்போவதும் இல்லை. மறுபடி கையை இலையில் வைத்துச் சாப்பிட்டு முடித்தேன்.

திரும்பும்போது கணவர் பைக்கை மெயின் ரோட்டில் ஏற்றி வேகத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார். "என்ன கதை?"

"என்னது?"

"அந்தப் புஸ்தகத்துல. என்ன கதைன்னு கேக்கேன்."

சொன்னேன். மலைக் கிராமத்தில் தனியாக இருக்கிற ஒரு பெண். நான்கு ஆடு, ஒரு சின்ன வயல். பக்கத்து வயல்காரன் எல்லைக்கல்லை அவள் பக்கம் நகர்த்தி நட்டுவிடுகிறான்.

"அங்கயும் இதானா?" என்றார். "எத்தன அடி நகத்துனான்?"

"எட்டு அடி."

அவருக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்துவிட்டது. "ராஸ்கோல்" என்றார். பந்தியில் ஏன் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை. அதை நான் மறந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம்.

மடித்துத் தைக்கும் பைண்டிங் பிரிவில், ஆலங்குளத்துப் பக்கமிருந்து வருகிற ஒருத்தி உண்டு. என்னைவிட இளையவள், வாய்த்துடுக்குக்காரி. அவளும் நானும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவளுக்கும் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அன்றன்று பஸ்ஸில் படித்தது எவ்வளவோ அவ்வளவுதான் அன்றைய கதை. சில நாள் இரண்டே வாக்கியம்.

"யக்கா, நேத்தும் அவ மலையேறிக்கிட்டுத்தான் இருந்தா. இன்னைக்கும் ஏறுறாளா? வேகமாப் படிங்க."

"எனக்கு அம்புட்டுத்தான் வருது."

"அவ டவுனுக்குப் போயிப் பிராது குடுக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர்டு ஆயிருவேன் போல."

ஆனால் மறுநாளும் வந்து உட்காருவாள். அவளோடு இன்னும் நாலு பேர் வந்தார்கள். அந்தப் பெண் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொல்கிறாள், கேட்பாரில்லை. ஆடுகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு நகரத்துக்கு நடக்கிறாள். நீதிபதிகள் முன்னால் நிற்கிறாள். பக்கத்து வயல்காரன் கூட்டி வந்த சாட்சிகள் பொய் சொல்கிறார்கள். நீதிபதி அவளைப் பார்த்து, "நீ பேசு" என்கிறார்.

அங்கே என் தாள்கள் முடிந்துவிட்டன.

கடைசி இரண்டு ஃபாரம் மெஷினில் ஓடிய நாளில் நான் மல்லாங்கிணறில் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அன்றைய வீண் தாளெல்லாம் எடைக்குப் போய்விட்டது. புத்தகங்கள் தூத்துக்குடிக்கு லோடு ஏறிவிட்டன. வேலை முடிந்ததும் ஃபைலை அழித்துவிட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை, அழித்தாகிவிட்டது. அந்தக் கடைசிப் பக்கங்களை, கெடு நெருங்கிவிட்டதால் படிக்க நேரமின்றி, வடிவமாக, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தவள் நான்தான். ஒரு சொல்கூட நினைவில் இல்லை. வடிவத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான்.

பைண்டிங் பெண்கள் என்மேல் பாய்ந்தார்கள். "பாதியில விட்டா எப்படி? அவளுக்கு நெலம் கெடச்சுதா இல்லியா?"

மதுரையில், சமய ஊழியத்துக்குப் படிக்கிறவர்களுக்குக் கிரேக்கம் கற்றுத்தரும் ஓரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். அங்கே அந்தப் புத்தகம் இருக்கலாம் என்று ஒரு நினைப்பு. வகுப்பெடுப்பவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையாக உட்காரவைத்தார். அந்தப் புத்தகம் அவர்களிடம் இல்லை. எங்கே படித்தீர்கள், யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். பஸ்ஸில், யாரிடமும் இல்லை என்றேன். இங்கே சேர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன்.

"பாடமெல்லாம் இங்கிலீஷ்லதாம்மா. நீங்க மொதல்ல ஒரு ரெண்டு வருசம் இங்கிலீஷ நல்லாப் படிச்சுட்டு வாங்க. அந்த அஸ்திவாரம் இல்லாம கிரேக்கம் நிக்காது."

"ஒரு பக்கத்த எடுத்து முன்னால வைங்க தம்பி. நிக்குதா விழுதான்னு பாப்போம்."

அவர் தயங்கினார். பிறகு பயிற்சித் தாள் ஒன்றை வைத்தார். துறைமுகத்தில் நிற்கும் ஒரு வியாபாரியைப் பற்றி எட்டு வரி. அதுவரை பார்க்காதது. மெதுவாகத்தான் படித்தேன். படித்துவிட்டு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். ஒரு சொல் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். கடைசி வரியில், அவன் கப்பலை விட்டுப் போனான் என்றேன்.

"போனான் இல்லம்மா. போய்க்கிட்டிருந்தான். பாருங்க, நடுவுல ஓர் எழுத்துக் கூட இருக்கு."

இருந்தது. பிழைதிருத்துநராக இருந்துகொண்டு ஓர் எழுத்தைத் தவறவிட்டிருக்கிறேன். கிரேக்கம் தப்பியதைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பசங்க ஒரு வருசம் படிச்சுட்டு இப்படி வாசிக்க மாட்டாங்க" என்றார். "ஆனா சேக்கிறதுக்கு விதியில எடமில்லம்மா. நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்த எழுத்தக் காட்டுனீங்களே, அது போதும்."

ஊருக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றியது, புத்தகத்தை எழுதியவருக்கே எழுதிக் கேட்டால் என்ன என்று. முகவரி முதல் ஃபாரத்திலேயே இருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் பெருந்தன்மையாக, "சொல்லுங்க மேடம், நான் நல்ல இங்கிலீஷ்ல எழுதித் தாரேன்" என்றார்.

"வேண்டாம் சார். நானே எழுதுறேன்."

"நீங்களா? இங்கிலீஷ்லயா?"

"இல்ல. கிரேக்கத்துல."

எழுத ஒன்பது நாள் ஆனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாக உட்கார்ந்தேன். கதையில் வந்த சொற்களை வைத்துத்தான் எழுத முடியும். வராத சொல் எனக்குத் தெரியாது. அச்சகம் என்பதற்குச் சொல் இல்லை. 'புத்தகங்களைச் செய்கிற வீடு' என்று எழுதினேன். இன்னொரு சிக்கலும் இருந்தது. முன்பின் தெரியாத, படித்த ஒருவரிடம் 'அனுப்புங்கள்' என்று கேட்க வேண்டும். தேடித் தேடிப் பார்த்தேன். அந்த மொழியில் மரியாதைப் பன்மையே கிடையாது. அரசனானாலும் நீதான், ஆட்டுக்காரியானாலும் நீதான். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு கூச்சப்பட்டேன். பிறகு 'நீ' என்றே எழுதினேன். எழுதியபோது முதுகு நிமிர்ந்தது.

நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நான் ஒரு பெண். இந்தியாவில் வசிக்கிறேன். புத்தகங்களைச் செய்கிற வீட்டில் வேலை செய்கிறேன். மலை கல்லாக இருந்ததை நான் கண்டேன், அந்த வீட்டார் அல்ல. உன் புத்தகத்தை வாசிக்கிறேன். பெண் நீதிபதி முன்னால் நிற்கிறாள். பல பெண்கள் கேட்கிறார்கள். முடிவு எங்களிடம் இல்லை. நீ அனுப்பு."

கையால் எழுதி, போனில் படம் பிடித்து, மகளிடம் சொல்லி மெயிலில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் 'மலை கல்லாக இருந்தது' என்பது தலைகீழாகிவிட்டதைக் கவனித்தேன். கல் அல்லவா மலையாக இருந்தது. போனது போனதுதான்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. "கிரேக்கம்னு நெனச்சு எதையோ எழுதிருப்பீங்க" என்று பக்கத்து மேசையில் சிரிப்பு. பதின்மூன்றாம் நாள் காலையில் மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பதில் வந்திருந்தது, முழுக்கக் கிரேக்கத்தில். ஏழு வரி. என் அளவுக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து வாசித்தேன். மலையையும் கல்லையும் மாற்றிவைத்திருந்ததைத் திருத்தியிருந்தார். புத்தகம் செய்கிற வீட்டில் தன் புத்தகத்தை வாசிக்கிறவள் இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று எழுதியிருந்தார். குழு என்று சொன்னார்களே என்றும் கேட்டிருந்தார். கடைசி இரண்டு பகுதிகளும் கூடவே இருந்தன.

அதை அச்சகத்தில் யாருக்கும் நான் மொழிபெயர்த்துக் காட்டவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டிருக்காரு?" என்று கேட்டார். "உங்களப் பத்தியும் ஒரு வரி இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன்.

கடைசி இரண்டு பகுதியை முடிக்க ஒரு மாதமானது. அந்தப் பெண் நீதிபதியிடம் பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறாள். ஆனாலும் தோற்றுவிடுகிறாள். ஊர் திரும்புகிறாள். பட்டப்பகலில், எல்லோரும் வயலில் இருக்கும் நேரத்தில், மண்வெட்டியோடு போய்க் கல்லைத் தோண்டிப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். பக்கத்து வயல்காரன் வருகிறான். ஊர் கூடுகிறது. யாரும் அவளை எழுப்பவில்லை. கதை அங்கே முடிகிறது.

"அப்புறம்?" என்றாள் ஆலங்குளத்துக்காரி.

"அம்புட்டுத்தான்."

"அதெப்படி? அவன் மறுநா வந்து தூக்கி வீசிட்டான்னா?"

"வீசுனா அவ மறுபடி நடுவா" என்றாள் இன்னொருத்தி. இவர்களுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது. கோர்ட்டில் தோற்றபின் கல்லை நட்டது சரியா என்று ஒரு வாரம் பேசினார்கள். வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "உக்காந்துட்டால்ல? பெறகென்ன?" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஆலைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது இன்னொரு புத்தகம் தொடங்கியிருக்கிறேன். படமில்லாதது, கடினமானது. ஒரு பஸ் பயணத்துக்கு மூன்று வரி நகர்கிறது. சில நாள் அதுவும் இல்லை. மதினி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சம்பளம் கூடவில்லை. யாராவது என்ன பயன் என்று கேட்டால் ஒரு பயனும் இல்லை என்றே சொல்கிறேன். கேட்டவர்கள்தான் பதிலுக்குத் தவிக்கிறார்கள்.

போன மாதம் அச்சகத்தில் பணியாளர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எல்லோருக்கும் ஒரு படிவம். தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ், கிரேக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அலுவலகப் பெண் பேனாவால் தட்டினாள்.

"இங்கிலீஷ் விட்டுப்போச்சுக்கா. எழுதிருங்க. எல்லாரும் சும்மா எழுதத்தான செய்றாங்க."

"விட்டுப்போகல தாயி. எனக்கு அது தெரியாது" என்றேன். படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் மேசைக்குப் போனேன். புது வருடக் காலண்டரின் ராசிபலன் திருத்தத்துக்கு வந்து கிடந்தது.